"மாத்திரை போட்டியா?" என்று கேட்காதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. என்னுடைய கணக்கு வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்தவர்கள்தானே நீங்கள், இதையும் பொறுத்துக்கொள்வீர்கள்.

சென்ற வாரம் நம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பேச்சு வந்தது. கொரோனா காலத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் பலர் மாத்திரையை விட்டுவிட்டு, பிறகு பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகக் கோளாறு என்று வந்து நின்றார்கள் என்று மருத்துவராக இருக்கும் நம் மாணவி ஒருவர் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். அதற்குக் கீழே இன்னொருவர், நல்ல வேலையில் இருக்கும் பிள்ளை, பெயர் வேண்டாம், இப்படிப் பதில் போட்டார்: "நம்ம ஜனங்களுக்கு அலட்சியம். இலவசமா குடுத்தாலும் போட மாட்டாங்க. படிப்பறிவு பத்தாது." அதற்குப் பதினேழு பேர் கைதட்டும் படம் போட்டிருந்தீர்கள். எண்ணிப் பார்த்தேன், பழக்கதோஷம்.

அன்றைக்கே பதில் எழுதியிருந்தால் கோபமாக எழுதியிருப்பேன். கோபப்பட எனக்குத் தகுதியும் இல்லை. அந்த "அலட்சியம்" என்ற சொல்லை 2020 ஜூலையில் நானே சொன்னவன். யாரிடம் சொன்னேன் தெரியுமா? மருத்துவமனைக் கட்டிலில் வாய் கோணிக் கிடந்த என் சொந்த அக்காவிடம்.

அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுதுடா, எனக்கென்ன வெக்கம்" என்றாள். இன்னும் சில எழுத்துகள் அவள் வாயில் சரியாக வராது. ஆனால் அந்த வாக்கியம் தெளிவாகவே வந்தது.

அக்கா அறந்தாங்கிப் பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறாள். அத்தான் காலமாகிப் பல வருடம் ஆயிற்று. ஒரே மகன் சிங்கப்பூரில் கட்டட வேலை. 2020இல் அக்காவுக்கு 72 வயது. பிரஷரும் சர்க்கரையும் பன்னிரண்டு வருடமாக உண்டு. ஆறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதம் ஒருமுறை மாத்திரை வாங்குவாள். அம்லோடிபின் ஒன்று, அட்டெனலால் ஒன்று, மெட்பார்மின் காலையும் இரவும். ஆக ஒரு நாளைக்கு நான்கு மாத்திரை, மாதம் 120. காலை டவுன் பஸ்ஸில் போய், வரிசையில் நின்று, பிரஷர் பார்த்து, நோட்டில் எழுதி வாங்கிக்கொண்டு, பகல் பஸ்ஸில் திரும்புவாள். பன்னிரண்டு வருடத்தில் அவள் தவறவிட்ட மாதங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். இப்படிப்பட்டவளைத்தான் அலட்சியம் என்றேன்.

நடந்ததைச் சொல்கிறேன். அந்த மார்ச் மாதம் 5ஆம் தேதி, வியாழக்கிழமை, 30 நாளுக்கு மாத்திரை வாங்கி வந்திருக்கிறாள். 24ஆம் தேதி இரவு எட்டு மணிக்குத் தொலைக்காட்சியில் பிரதமர் பேசினார். நள்ளிரவு முதல் நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு. அப்போது அக்காவின் டப்பாவில் பத்து நாள் மாத்திரை மீதி. பஸ் இல்லை, ஷேர் ஆட்டோ இல்லை. அவள் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டாள். இருப்பது பத்து நாள் மாத்திரை. ஓட்ட வேண்டியது 21 நாள். ஒன்றுவிட்டு ஒரு நாள் போட்டால் சரியாக வரும்.

ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் என் அக்கா. என்னைப் படிக்க வைப்பதற்காக நிறுத்தப்பட்டவள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மார்ச் 25, 27, 29, 31, ஏப்ரல் 2, 4 என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். பத்தாவது மாத்திரை ஏப்ரல் 12. ஊரடங்கு முடிய வேண்டிய நாள் ஏப்ரல் 14. முப்பத்து மூன்று வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்த நான் போட்டிருந்தாலும் இதைவிடச் சரியாகப் போட்டிருக்க முடியாது.

ஆனால் வினாத்தாளை நடுவில் மாற்றிவிட்டார்கள். ஏப்ரல் 14 என்பது மே 3 ஆயிற்று. மே 3 என்பது மே 17 ஆயிற்று. மே 17 என்பது மே 31 ஆயிற்று. அரசின் மீது குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அந்த நோய் அப்படிப்பட்டது. அக்காவின் கணக்கு எங்கே உடைந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஏப்ரல் நடுவில் டப்பா காலி. சுகாதார நிலையம் என்னமோ திறந்துதான் இருந்தது. ஆறு கிலோமீட்டர் நடக்க 72 வயது முழங்காலால் ஆகாது. பக்கத்து வீட்டுப் பையனிடம் பைக் உண்டு. ஆனால் அந்த வாரம்தான் முக்கத்தில் போலீஸ் அவன் சித்தப்பா வண்டியைப் பிடித்து வைத்திருந்தார்கள். "அவனைப் போகச் சொல்லி, வண்டி போயிடுச்சின்னா யாரு பதில் சொல்றது?" இது அக்காவின் கேள்வி. தெரிந்தவர் ஆட்டோ ஒன்று, 300 ரூபாய் கேட்டார்கள். ரேஷன் கடையில் கொடுத்த நிவாரணம் ஆயிரம் ரூபாய் கையில் இருந்தது. மகனிடமிருந்து பணம் வரவில்லை; சிங்கப்பூரில் தொழிலாளர் விடுதிகளுக்குள் கொரோனா பரவி, ஏப்ரலில் அவர்களை உள்ளேயே வைத்துவிட்டார்கள். அவனே அறைக்குள் அடைபட்டுக் கிடக்கும்போது அவனிடம் மாத்திரை கதையைச் சொல்ல அம்மா மனசு வரவில்லை. இதில் எந்த இடத்தில் அலட்சியம் இருக்கிறது, சொல்லுங்கள்.

பிறகு அந்தப் பையனே நடந்துபோய், பெரிய ஊர் மெடிக்கலில் காலி அட்டையைக் காட்டி ஒரு அட்டை அம்லோடிபின் வாங்கிக் கொடுத்திருக்கிறான். மற்ற இரண்டும் வாங்கவில்லை. காரணம், அக்கா அவனிடம் கொடுத்தது ஒரு காலி அட்டைதான். மற்றதெல்லாம் அவளுக்கு "சின்ன வெள்ளை", "பெரிய வெள்ளை". வாங்கி வந்த மாத்திரையும் அரசாங்க அட்டை போல இல்லை. நிறம் வேறு, பெயர் வேறு. இது அதுதானா என்று அவளுக்கு ஒரே சந்தேகம். அதனால் அரிவாள்மனையில் வைத்துப் பாதியாக வெட்டிப் போட்டிருக்கிறாள். ஒரே மருந்து பத்துப் பெயரில் விற்கிறது என்பது நமக்கே குழப்பம்தானே? என் கண்ணாடி இல்லாமல் எனக்கே அட்டையில் உள்ள பொடி எழுத்து தெரியாது.

ஜூன் மாதம் பஸ் கொஞ்சம் ஓடியது. அப்போதாவது போயிருக்கலாமே என்றுதான் நானும் கேட்டேன். அவள் இரண்டு காரணம் சொன்னாள்.

முதல் காரணம், பயம். கொரோனாவைப் பற்றிய பயம் பாதிதான். மீதிப் பயம் வேறு. "ஆஸ்பத்திரிக்குப் போனா சூடு பாப்பாங்க. சூடு இருந்துச்சின்னா வண்டியில ஏத்திடுவாங்க. வீட்டுக்குத் தகரம் அடிச்சிடுவாங்க." தகரம் அடித்த வீடுகளைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறாள். தனியாக இருக்கும் கிழவிக்கு, தான் வளர்க்கும் ஆட்டுக்கு யார் தழை ஒடித்துப் போடுவது என்ற கவலை. இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். அந்த நாட்களில் நாம் எல்லோரும் கதவு மணி அடித்தால் நடுங்கியவர்கள்தான்.

இரண்டாவது காரணம்தான் எனக்கு இப்போதும் தூக்கத்தைக் கெடுப்பது. "போடாமயே நல்லாத்தானேடா இருந்தேன்" என்றாள்.

பிரஷருக்கும் சர்க்கரைக்கும் உள்ள மோசமான குணம் இது. பல்வலி மாத்திரையை விட்டால் பல்லே கூப்பிட்டுச் சொல்லும். பிரஷர் ஏறினால் பெரும்பாலும் எதுவும் சொல்லாது. அம்லோடிபின் உடம்பைவிட்டு மெதுவாகத்தான் போகும். ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே ஒன்றரை நாள், இரண்டு நாள் ஆகும். அதனால் விட்ட மறுநாள் ஒன்றும் தெரியாது. பத்து நாள் கழித்தும் தெரியாது. தப்பு செய்தும் அடி விழாத பையன் என்ன கற்றுக்கொள்வான்? அது தப்பே இல்லை என்றுதான். அதே வீட்டில் இருந்த இன்னொரு மாத்திரை அட்டெனலால். அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் நாடித்துடிப்பும் அழுத்தமும் முன்பைவிட எகிறலாம், ஏற்கெனவே இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்து என்று மருத்துவர்கள் சொல்வார்கள். இதை அக்காவிடம் பன்னிரண்டு வருடத்தில் யாரும் சொன்னதில்லை. நான் உட்பட.

ஜூலை இரண்டாவது வாரம், விடிகாலை, கோலப்பொடிக் கிண்ணம் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்க வலது கை வரவில்லை. அந்தப் பக்கத்து வீட்டுப் பையன்தான் 108க்குப் போன் செய்தான். மேல் அழுத்தம் 210, கீழ் அழுத்தம் 120. திருச்சியிலிருந்து மாவட்டம் தாண்ட இ-பாஸ் வாங்கி நான் போய்ச் சேர இரண்டு நாள் ஆயிற்று. போனவன் முதலில் சொன்ன வார்த்தைதான் முன்னே எழுதியது. "இலவசமாக் குடுக்குறதக்கூட வாங்கிப் போட முடியலையா? அவ்வளவு அலட்சியமா?" அவளால் பதில் பேச முடியவில்லை. ஒரு பக்கக் கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தது. மேலே எழுதிய கதை முழுக்க அடுத்த பொங்கலுக்குப் பிறகு, பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியபோது, துண்டு துண்டாக அவள் சொன்னது.

சரி, அக்கா படிக்காதவள் என்பீர்கள். படித்தவர் கதைக்கு வருகிறேன்.

என் சகலை ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. ஆங்கிலப் பத்திரிகை இரண்டு வாங்குகிறவர். பிரஷருக்கு டெல்மிசார்டன் போடுபவர். 2020 மார்ச் கடைசியில் அவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது, இந்த வகை பிரஷர் மாத்திரை போடுகிறவர்களைக் கொரோனா சீக்கிரம் பிடித்துக்கொள்ளும் என்று. அது முழுப் பொய்யும் இல்லை என்பதுதான் சிக்கல். கொரோனா கிருமி உடலின் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் ஒரு வாசலை இந்த மருந்துகள் அதிகமாக்குமோ என்ற சந்தேகத்தை அந்த மாதம் மருத்துவ இதழில் சிலர் கடிதமாக எழுதினார்கள். சந்தேகம்தான், முடிவு அல்ல. ஐரோப்பிய இதயநோய் மருத்துவர் சங்கம் மார்ச் 13ஆம் தேதியே, யாரும் நிறுத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டது. சந்தேகம் வாட்ஸ்அப்பில் வந்தது, மறுப்பு வரவில்லை. சகலை மூன்று வாரம் மாத்திரையை நிறுத்திவிட்டு, கபசுரக் குடிநீரை இரண்டு வேளை குடித்துக்கொண்டிருந்தார். மகள் கண்டுபிடித்துச் சண்டை போட்டதால் தப்பினார். பின்னால் பிரேசில் நாட்டில், இந்த மாத்திரை போட்டுக்கொண்டிருந்த 659 கொரோனா நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு மாத்திரையை 30 நாள் நிறுத்தி, மறு பாதிக்குத் தொடர்ந்து கொடுத்துப் பார்த்தார்கள். நிறுத்தியதால் எந்த நன்மையும் இல்லை. 2021 ஜனவரியில் அந்த முடிவு அச்சில் வந்தது. சகலைக்கு நான் அதை அனுப்பினேன். கட்டைவிரல் மட்டும் பதிலாக வந்தது.

என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒரு மாணவி, இப்போது அவரும் ஆசிரியை. அவருக்கு லூபஸ் என்கிற நோய். உடம்பின் காவல்படையே உடம்பைத் தாக்கும் வகை. பல வருடமாக ஹைட்ராக்சிகுளோரோகுயின் போடுகிறார். ஞாபகம் இருக்கிறதா அந்தப் பெயர்? 2020 மார்ச் 23ஆம் தேதி, கொரோனா வராமல் தடுக்க மருத்துவப் பணியாளர்களும் நோயாளி வீட்டில் இருப்பவர்களும் இதைப் போடலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொன்னது. 25ஆம் தேதி ஏற்றுமதிக்குத் தடை. 26ஆம் தேதி, கடைக்காரர் பதிவேட்டில் எழுதித்தான் விற்க வேண்டும் என்று கட்டுப்பாடு. கட்டுப்பாடு சரிதான், ஏனென்றால் அதற்குள் ஒன்றும் இல்லாதவர்கள் எல்லாம் அட்டை அட்டையாக வாங்கி அலமாரியில் வைத்துவிட்டார்கள். (என் வீட்டு மாடியில் குடியிருந்தவரும் வாங்கினார், ஒரு மாத்திரைகூடப் போடவில்லை, காலாவதியான பிறகு குப்பையில் போட்டார்.) நம் மாணவி ஆறு கடை ஏறி இறங்கினார். சில கடையில் சரக்கு இல்லை. சில கடையில் புதிய சீட்டு கேட்டார்கள். சீட்டு எழுதும் மருத்துவர் இருப்பது வேறு ஊரில். ஐந்து வாரம் மருந்தில்லாமல் மூட்டு வீங்கிக் கிடந்தார். இவரை அலட்சியக்காரர் என்று யார் சொல்வது?

இன்னொரு வகை உண்டு. இதைப் பற்றி யாருமே பேச மாட்டோம். மனநோய்க்கு, வலிப்புக்கு, எச்.ஐ.வி.க்கு, காசநோய்க்கு மாத்திரை போடுகிறவர்கள். பஸ் ஓடும்போது அவர்கள் பக்கத்து ஊருக்கோ மாவட்ட மருத்துவமனைக்கோ போய், யாருக்கும் தெரியாமல் வாங்கி வந்துவிடுவார்கள். பஸ் நின்றால் யாரிடமாவது சொல்லித்தான் வாங்க வேண்டும். சொன்னால் தெரிந்துவிடும். திருமண வயதில் பெண் இருக்கிற வீட்டில் வலிப்பு மாத்திரைக்குப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சீட்டைக் கொடுப்பார்களா? எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் கொடுக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு நான்கு வருடமாக வராத வலிப்பு அந்த மே மாதம் இரண்டு முறை வந்தது. காசநோயைப் பொறுத்தவரை நம் நாட்டிலேயே கணக்கு இருக்கிறது. 2019இல் புதிதாகப் பதிவானவர்கள் சுமார் 24 லட்சம். 2020இல் சுமார் 18 லட்சம். நோய் குறைந்ததால் வந்த வித்தியாசம் என்று யாரும் நம்பவில்லை. ஆறு லட்சம் பேர் எண்ணப்படாமலே போனார்கள்.

இன்சுலின் போடும் சிறு பிள்ளைகளைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இன்னொரு பதிவு வேண்டும். ஒன்று மட்டும்: முதல் வகைச் சர்க்கரை உள்ள பிள்ளைக்கு இன்சுலின் நின்றால், அக்காவைப் போல மூன்று மாதம் தாக்குப்பிடிக்காது. நாள் கணக்குதான்.

அந்தப் பிள்ளையின் "அலட்சியம்" வாதத்துக்கு ஒரு கணக்கு வாத்தியாரின் பதில் இது. 2020 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் 155 நாடுகளிடம் கேட்டது. ரத்த அழுத்தச் சிகிச்சை ஓரளவோ முழுமையாகவோ தடைப்பட்டது என்று 53 சதவீத நாடுகள் சொல்லின. சர்க்கரைச் சிகிச்சைக்கு 49 சதவீதம். புற்றுநோய்க்கு 42. மாரடைப்பு, பக்கவாதம் போன்ற அவசரச் சிகிச்சைக்கு 31. அலட்சியம் என்பது ஆளுக்கு ஆள் மாறும் குணம். பாதிக்கு மேற்பட்ட நாடுகளில் ஒரே நேரத்தில் ஒரே குணம் எப்படி வந்தது? அதே நிறுவனம் 2003இலேயே ஓர் அறிக்கை வெளியிட்டது. பணக்கார நாடுகளிலேயே, சாதாரணக் காலத்திலேயே, நாள்பட்ட நோய்க்கான மருந்தை ஒழுங்காகப் போடுகிறவர்கள் பாதிப்பேர்தான் என்று. ஆகவே படிப்பறிவைக் காரணம் காட்டி நாம் தப்பிக்க முடியாது.

நல்லதும் நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரல் 14ஆம் தேதியே மத்திய சுகாதார அமைச்சகம், பிரஷர், சர்க்கரை, மனநலச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு மூன்று மாதம் வரை மருந்தை ஊர் சுகாதாரப் பணியாளர் மூலம் சேர்ப்பிக்கலாம் என்று வழிகாட்டியது. நல்ல யோசனை. ஆனால் எங்கள் பக்கத்தில் அதைச் செய்ய வேண்டியவர் யார்? கிராம சுகாதாரச் செவிலியர், ஊரார் சொல்லும் நர்ஸம்மா. அதே அம்மாதான் வெளியூரிலிருந்து வந்தவர்கள் பட்டியல் எடுக்க வேண்டும், காய்ச்சல் கணக்கு எடுக்க வேண்டும், கர்ப்பிணிகளைப் பார்க்க வேண்டும், குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட வேண்டும். ஒரு மனுஷிக்கு இரண்டு கால்தானே. அக்கா தெருவுக்கு அவர் வந்தபோது அக்காவே, "எனக்கு ஒண்ணும் வேணாம்மா, நீ போய் மத்தவங்களப் பாரு" என்று திண்ணையிலிருந்தபடியே அனுப்பிவிட்டாளாம். இந்தக் கூச்சத்தை எந்தச் சுற்றறிக்கையில் எழுதுவது?

2021 மே மாதம் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமில்லை என்ற ஆணை மே 8 முதல் நடைமுறைக்கு வந்தது. அக்காவைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி, மறுக்கவே மாட்டேன். மே 10 முதல் இரண்டாம் அலை ஊரடங்கு, பஸ் நின்றுவிட்டது. இரண்டே நாள். பிறகு அந்த ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கினார்கள். மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து வந்த பெண்கள் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து, மாத்திரை கொடுக்கிறார்கள். அக்காவுக்கும் வருகிறது. வருகிற பெண் அந்த ஊர் மருமகள்தான். ஆட்டைப் பற்றி விசாரித்துவிட்டுத்தான் பிரஷர் பார்ப்பாள். அக்கா அவளிடம் பொய் சொல்வதில்லை.

இதில் எனக்கு ஒரு குறை இன்னும் உண்டு. ஒவ்வொரு தடவையும் சரியாக ஒரு மாதத்துக்குத்தான் மருந்து. புயல் வந்தாலும் வெள்ளம் வந்தாலும் அடுத்த தொற்று வந்தாலும் மறுபடியும் அக்கா பத்து மாத்திரையை வைத்துக்கொண்டு கணக்குப் போட வேண்டியதுதான். ஏன் இப்படி என்று நம் மாணவியான அந்த மருத்துவரிடமே கேட்டேன். அவர் சொன்ன காரணங்கள் நியாயமானவை: மாதம் ஒருமுறை வந்தால்தான் அழுத்தத்தைப் பார்த்து மருந்தைக் கூட்டிக் குறைக்க முடியும், மொத்தமாகக் கொடுத்தால் வீணாகும், இருப்பும் தாங்காது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு மூன்று வருடமாக அழுத்தம் ஒரே நிலையில் இருப்பவருக்கு, மாதாமாதம் கொடுப்பதோடு 15 நாள் மருந்து கூடுதலாக, எப்போதும் கையிருப்பில் இருக்கும்படி ஒரே ஒருமுறை கொடுத்து வைக்கலாமே? பழையதை முதலில் போட்டுவிட்டுப் புதியதைக் கையிருப்பாக வைத்தால் காலாவதியும் ஆகாது. நம் வீட்டில் அரிசிப் பானை அடி தெரியும் வரையா காத்திருக்கிறோம்? அதிகாரத்தில் இருக்கும் என் மாணவர்கள் நாலைந்து பேர் இதைப் படிப்பீர்கள். உங்களுக்காகத்தான் இந்தப் பத்தி.

மற்றவர்களுக்கு, அதாவது வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்துகொண்டு அம்மா அப்பாவுக்குப் போன் செய்கிறவர்களுக்கு, ஒன்று சொல்ல வேண்டும். ஊரடங்கில் நான் அக்காவுக்கு ஒரு நாள் தவறாமல் இரவு ஏழு மணிக்குப் போன் செய்தேன். சாப்பிட்டியாக்கா, வெளியே போகலையே, கை கழுவுறியா, எல்லாம் கேட்டேன். மாத்திரை போட்டியா என்றும் கேட்டேன். "போட்டேன்டா தம்பி." நூறு நாளும் அதே பதில். அவள் பொய் சொல்லவில்லை என்று இப்போது தோன்றுகிறது. பாதி நாள் போட்டாள், பாதி மாத்திரை போட்டாள், "போட்டேன்" என்றாள்.

வகுப்பில் நான் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் நீங்கள் அறுபது பேரும் ஒரே குரலில் "புரிஞ்சுது சார்" என்பீர்கள். யாருக்குப் புரியவில்லை என்று தெரிய, ஒருவரைக் கரும்பலகைக்கு வரச் சொல்லி ஒரு கணக்கைக் கொடுக்க வேண்டும். இத்தனை வருடம் அதைத் தெரிந்து வைத்திருந்தவன், அக்காவிடம் மட்டும் "புரிஞ்சுதா" என்றே கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது நான் கேட்பது, "டப்பாவைக் கொண்டாக்கா, எத்தனை மாத்திரை மீதி இருக்கு, எண்ணிச் சொல்லு." அவள் எண்ணுவாள். நானும் வாங்கிய தேதியை வைத்து இந்தப் பக்கம் கழித்துப் பார்ப்பேன். இரண்டும் ஒத்துவந்தால் சரி. வராவிட்டால் திட்டுவதில்லை. ஏன் குறைந்தது, ஏன் மிஞ்சியது என்று கேட்பேன். ஒருமுறை எட்டு மெட்பார்மின் மிஞ்சியிருந்தது. விசாரித்தால், வயிற்றைக் கலக்குகிறது என்று இரவு மாத்திரையை விட்டிருக்கிறாள். மருத்துவரிடம் சொன்னோம், சாப்பாட்டுக்கு முன் போட்டிருக்கிறாள், பிறகு போடச் சொன்னார். எட்டு மாத்திரை எண்ணியதால் தெரிந்த விஷயம்.

இன்னொன்று. அவள் போடும் ஒவ்வொரு மாத்திரையின் அட்டையையும் இரண்டு பக்கமும் செல்போனில் படம் எடுத்து என்னிடமும், மருமகனிடமும், அந்தப் பக்கத்து வீட்டுப் பையனிடமும் வைத்திருக்கிறோம். மருந்தின் பெயரை, கம்பெனி பெயரை அல்ல, தமிழில் பெரிய எழுத்தில் எழுதி டப்பா மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். என் கையெழுத்தைப் பற்றி நீங்கள் கிண்டல் செய்வது தெரியும். இதை அச்செழுத்து போல எழுதியிருக்கிறேன்.

அந்தப் பதிலைப் போட்ட பிள்ளைக்கு: உன் மீது எனக்குக் கோபம் இல்லையப்பா. உன் அம்மாவும் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். இன்று இரவு போன் செய்யும்போது எத்தனை மீதி என்று கேட்டுப் பார். எண்ணிக்கை எனக்கு வேண்டாம், உனக்குத் தெரிந்தால் போதும்.

பின்னூட்டம் எழுதுகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள், மறுத்தும் எழுதுங்கள். பதில் தாமதமாகும். நாளை காலை பஸ்ஸில் அறந்தாங்கி போகிறேன். அக்காவுக்கு இந்த மாத மாத்திரை புதன்கிழமை வரவேண்டும், அந்தப் பெண் வரும்போது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அங்கே சிக்னல் சரியாக இருக்காது.